பெரிய புத்தகம், சின்னப் புத்தகம்

"ஒரு கதையைப் படிச்சதுக்கா இவ்வளவு கூச்சல்—"

"கதையா அது? பதிமூணு வயசுப் பொண்ணு கையில குடுக்கிற—"

"பொண்ணு கையில யாருடி குடுத்தா? உன் கைக்குத்தானே அனுப்பினேன்—"

"என் கைக்கு நீ அனுப்பினது ஆடு!"

"ஆடா?"

"ஆடுதான். ரயில் ஏறுற ஆடு. அட்டையில பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது!"

 வெயிலில் நடந்து வந்த ஞானசுந்தரி குடையைக்கூட இன்னும் மடக்கவில்லை. அதற்குள் சண்டை நடுக்கூடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

ஆம்பூர் மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியை. மாதா மாதம் மெட்ராஸிலிருந்து ரயிலில் புதுக் கதைப் புத்தகங்கள் அவள் பெயருக்கு வரும். அவற்றை முதலில் தான் படித்துப் பார்த்து, எது பெரியவர்களுக்கு, எது பிள்ளைகளுக்கு என்று பிரித்து, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சனிக்கிழமை தோறும் அனுப்பி வைப்பாள். அந்த வீடுகளில் முதல் வீடு இது. தோல் பதனிடும் ஷாப் நடத்துகிற ஆபித் பாஷாவின் வீடு. எதிரே இடுப்பில் கை வைத்து நிற்கிற சுகரா பேகம் அவருடைய மனைவி. அவளும் ஞானசுந்தரியும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். அதற்குப் பிறகு சுகராவைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஞானசுந்தரி வேலூருக்குப் போய் வாத்தியார் படிப்புப் படித்தாள். ஆனாலும் அந்தப் பலகையின் 'வாடி போடி' இருவருக்கும் விட்டுப் போகவில்லை.

"நான் அஞ்சாவது தாண்டலை. வாஸ்தவம்தான். அதுக்காக எனக்குப் பொம்மைப் புத்தகம் அனுப்பிக் குத்திக் காட்டணுமா?"

"அய்யய்யோ, சுகரா—"

"எழுத்து ஒண்ணொண்ணும் கொழுக்கட்டையாட்டம் இருக்கு. இவளுக்கு இதுதான் படிக்க வரும்னு நெனச்சுட்டே இல்ல?"

"அது உன் பொண்ணு பில்கிஸுக்குடி. பசங்க புத்தகம். எவ்வளவு நல்ல புத்தகம் தெரியுமா? டிக்கெட்டுக்காரர் வந்து, 'டிக்கெட்டு எங்கே?'ன்னு கேப்பாரு—"

"'தின்னுட்டேன் ஐயா'ன்னு அது சொல்லும்."

"'யார் டிக்கெட்டை?'"

"'உங்க டிக்கெட்டைத்தான்'!" சொல்லி முடிக்கும் முன்பே சுகராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். "போடி! நான் கோபத்துல இருக்கேன்."

"முழுசும் படிச்சிருக்கியே!"

"படிச்சா இன்னா? கையில இருந்தா படிக்க மாட்டாங்களா?"

ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறது என்று ஞானசுந்தரி யாரிடமும் சொன்னதில்லை. அதில் வருகிறவர்களில் இரண்டு பேரை அழைத்து வந்து, கேட்பவர்கள் எதிரில் பேச விட்டுவிடுவாள். அதுதான் அவள் சிபாரிசு. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு புத்தகம் வேண்டாம் என்றவர்கள் ஆம்பூரில் கிடையாது.

ஆனால் இந்த ஆடு எப்படி இந்தக் கைக்கு வந்தது?

"கன்னியப்பா!" என்று புழக்கடைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். தோல் ஷாப்பில் தோல் பிரிக்கிறவன் கன்னியப்பன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் புத்தகங்களைக் கொண்டு வந்து சேர்ப்பவனும் அவனே. இப்போது விறகு இறக்கிக்கொண்டிருந்தான். சுகரா கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள, அவன் அந்தப் பக்கம் வந்து நின்றான். தோல் ஊற வைக்கிற ஆவாரம்பட்டையின் வாசனையும் கூடவே வந்தது.

"கன்னியப்பா, போன சனிக்கிழமை உங்கிட்ட ரெண்டு புத்தகம் குடுத்தேனே, இன்னா சொல்லிக் குடுத்தேன்?"

"பெரிய புத்தகம் அம்மாவுக்கு, சின்னப் புத்தகம் பாப்பாவுக்குன்னு சொன்னீங்க டீச்சரம்மா."

"ஆமா. நீ இன்னா பண்ணே?"

"பெரிசை அம்மாகிட்ட குடுத்தேன். சிறுசைப் பாப்பாகிட்ட குடுத்தேன்."

"பெரிய புத்தகம்னா பெரியவங்க படிக்கிறதுப்பா!"

"அதெப்படிம்மா? பெரிசுன்னா பெரிசு. மாட்டுத்தோலு பெரிசு, ஆட்டுத்தோலு சிறுசு. பெரிசைப் பெரிசோட கட்டணும், சிறுசைச் சிறுசோட கட்டணும். கலந்துட்டா பாஷா சாயபு என் தோலை உரிச்சுடுவாரு. ரெண்டு புத்தகத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

"அட்டையில ஆட்டுப் படம் இருந்ததே, அதையாவது பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்தேம்மா. ஆட்டுல இம்மாம் பெரிசு எங்கே கெடைச்சுதுன்னு எனக்கே ஆச்சரியந்தான்."

திரைக்கு இந்தப் பக்கம் சுகரா குலுங்கினாள். ஞானசுந்தரி குடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உள்ளறையிலிருந்தும் ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியிலேயே அடங்கியது. அறையின் திரை லேசாக அசைந்தது. சுகராவின் முகம் உடனே மாறிப் போயிற்று.

"நீ போய் வேலையைப் பாரு கன்னியப்பா," என்றாள். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "சிரிச்சாச்சு. உன் மேல தப்பில்லை, அவன் மேலயும் தப்பில்லை. இருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான். இனிமே இந்த வீட்டுக்குப் புத்தகம் வேண்டாம்."

"ஆடு கூடவா?"

"ஆடு, மாடு எதுவும் வேண்டாம். பில்கிஸ் அந்தச் சின்னப் புத்தகத்தைப் படிச்சுட்டு எங்கிட்ட வந்து இன்னா கேட்டா தெரியுமா? 'அம்மீ, அபரஞ்சிக்குக் கடை வைக்கத் தெரிஞ்சிருக்கு. நமக்கு இன்னா தெரியும்?'னு கேக்கிறா."

அபரஞ்சி, அந்தச் சின்ன அளவுப் புத்தகத்தின் நாயகி. 'எண்ணெய்க்கடை அபரஞ்சி' என்பதே புத்தகத்தின் பெயர். புருஷன் ரங்கூனுக்குப் போய் ஒன்பது வருஷம் கடிதம் போடாமலே இருந்துவிடுகிறான். இவள் தெருவாசலில் ஒரு செக்கெண்ணெய்க் கடை வைத்துப் பிழைக்கிறாள். அழுகை கம்மி, பேரம் ஜாஸ்தி. பெரியவர்களுக்கு இந்த வருஷத்தில் இதைவிட நல்ல கதை வரவில்லை என்று ஞானசுந்தரிக்கு எண்ணம்.

"நல்ல கேள்விதானே கேட்டிருக்கா?"

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் மெட்ராஸ்லேர்ந்து வந்ததும் அவங்ககிட்டயும் இதையே கேட்டா? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு. அங்கே போய்க் கேட்டா? பிடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். கடைசிப் பத்துப் பக்கம் பாக்கியாம். நேத்திலேர்ந்து சரியாச் சாப்பிடலை. மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரே பேஜார்."

"பாக்கியையும் படிக்க விட்டுடேன்."

"சின்னப் பொண்ணுடி அவ."

"ஓஹோ. சின்னப் பொண்ணு." ஞானசுந்தரி பாயில் உட்கார்ந்துகொண்டாள். "போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினியே, ஞாபகம் இருக்கா? 'பில்கிஸ் பெரியவளாயிட்டா, இனிமே வர மாட்டா'ன்னு. நான் ஓடி வந்து கெஞ்சினேன். 'பெரிய பொண்ணை எப்படிடி தெருவுல அனுப்புறது?'ன்னு கேட்டே."

"ஆமா. கேட்டேன்."

"பள்ளிக்கூடத்தை நிறுத்தணும்னா பெரிய பொண்ணு. புத்தகத்தைப் பிடுங்கணும்னா சின்னப் பொண்ணு. கன்னியப்பன் ஒரு தடவைதான் மாத்திக் கட்டினான். நீ எத்தனை தடவை மாத்துவே?"

 அலமாரிச் சாவி சுகராவின் துப்பட்டா முனையில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்தாள், மறுபடியும் முடிந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய அன்றைக்கு அவள் கையிலும் பாதி படித்த பாடப் புத்தகம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்க அதை வாங்கிக்கொண்டு போனவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானசுந்தரி. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை. இன்றைக்கும் பேசவில்லை.

"முடிவு இன்னா?" என்று கடைசியில் கேட்டாள் சுகரா.

"எது?"

"அந்தக் கதைக்கு. நீதானே சிபாரிசு பண்ணவ. முடிவைச் சொல்லு. சரியா இருந்தா குடுக்கிறேன்."

"மாட்டேன்."

"ஏன்டி?"

"சொல்லிட்டா அப்புறம் புத்தகத்துல இன்னா இருக்கு? நீயே படிச்சுப் பாரு. உனக்காக அனுப்பின புத்தகம் அது. பிள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு நீ படிச்சுட்டுச் சொன்னா நான் கேட்டுக்கிறேன். வாயை மூடிக்கிட்டுப் போய்டுறேன்."

"எழுத்தெல்லாம் எறும்பாட்டம் இருக்கு. எனக்கு எங்கே ஓடும்?"

"ஆட்டை மேய்ச்சவளுக்கு எறும்பு இன்னா கஷ்டம்?"

"ரொம்பத்தான் பேசுறே." சுகரா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதான அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தாள். பில்கிஸ் மடித்து வைத்திருந்த மூலையைப் பிரித்தாள். பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரியே எழுத்தின் கீழ் விரலை வைத்துக்கொண்டாள். மனதுக்குள் படிக்க அவளுக்கு வராது. படிப்பது என்றால் வாய்விட்டுத்தான்.

"'அ...ன்று இரவு... மழை. அபரஞ்சி கடையைச் சாத்தி... விளக்கைத் தணித்தாள்.' தணித்தாள்னா?"

"கொஞ்சமா எரிய விட்டா."

"'அப்போது கதவு... தட்டப்பட்டது.'"

உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் ஒன்று சிணுங்கியது. ஞானசுந்தரி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுகராவும் நிமிர்ந்து பார்த்தாள். திரையின் அடியில் இரண்டு கால்விரல்கள் தெரிந்தன. 'உள்ளே போ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுகரா சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அந்தத் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். குரலையும் உயர்த்தினாள்.

"'யாரது?' என்றாள் அபரஞ்சி."

இப்போது விரல் கொஞ்சம் வேகமாக ஓடிற்று. அபரஞ்சிக்குத் தன் குரலையே கொடுத்தாள். வெளியே நிற்பவனுக்கு, காய்ச்சல் வந்த கன்னியப்பன் மாதிரி ஒரு கட்டைக் குரல்.

"'நான்தான் அபரஞ்சி. உன் புருஷன். ரங்கூனிலிருந்து வந்திருக்கிறேன்.'

'கடை சாத்தியாச்சு. எண்ணெய் வேண்டுமானால் காலையில் வாருங்கள்.'"

"அடிப் பாவி!" என்று சுகரா தொடையில் தட்டிக்கொண்டாள். "எப்படிச் சொல்றா பாத்தியா! சொல்லட்டும், இன்னும் நாலு சொல்லட்டும்."

"படிடி."

"'நனைந்து நிற்கிறேன், அபரஞ்சி.'

'நானும் நனைந்தேன். ஒன்பது மழை.'"

சுகரா சிரிக்கவில்லை. ஞானசுந்தரியும் சிரிக்கவில்லை. திரை அசையாமல் இருந்தது.

"'எனக்குப் பசிக்கிறது' என்றான் அவன். உள்ளேயிருந்து வெகுநேரம் பேச்சில்லை. பிறகு தாழ்ப்பாளின் மேல் ஒரு கை..."

பக்கம் முடிந்தது. சுகரா அதைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தின் மேல் வரியில் விரலை வைத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தாள். விரல் இரண்டாம் வரிக்கு இறங்கியது, மூன்றாம் வரிக்கு இறங்கியது. கண்ணில் நீர் திரண்டது. ஞானசுந்தரி பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

திரை விலகிற்று.

"அம்மீ, ஏன் நிறுத்திட்டீங்க? தொறந்தாளா, இல்லையா?"