துணைச் செடி

உயிர் போய்க் கிடந்த மாமனாரின் நகங்களில் ஒட்டியிருந்த ஈரமண்ணை அவள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க அவளுடைய கைதான் சில்லிட்டது.

"எதையோ பாத்து அதிர்ந்து போயிருக்காரு. இல்லன்னா நல்லா இருந்த மனுஷன் காலைல நர்சரிக்குப் போன இடத்துல இப்படிச் சாய்வாரா?" என்று மாமியார் வந்தவர்களிடம் அழுதபோது அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

எதைப் பார்த்தார் என்று அவளுக்குத் தெரியும். நேற்று மாலை, களை எடுக்கிறேன் பேர்வழி என்று, சந்தனக் கன்றுப் பைகளில் கூடவே வளர்ந்திருந்த துவரைச் செடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்தவள் அவள்தான். கல்யாணமாகி வந்த புதிது. நல்ல பெயர் வாங்கும் ஆசை. சந்தனம் தனியாகப் பிழைக்காது, பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு அதனிடம் வாங்கித் தின்னும் ஜாதி, துவரை அதற்காகவே மாமனார் போட்டது என்பதெல்லாம், இரவு கணவன் யாருக்கோ போனில் விளக்கியபோதுதான் காதில் விழுந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் அப்பாவைத் தூக்கி வந்த பதற்றத்தில் கணவன் எதையும் கவனித்திருக்கவில்லை. அவன் பார்ப்பதற்குள் அந்தக் குவியலை ஒளித்துவிட வேண்டும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வருவதாகச் சொல்லி ஓடினாள்.

குவியல் பாதியாகியிருந்தது. முதல் இரண்டு வரிசைப் பைகளிலும் துவரைச் செடிகள் மறுபடி நடப்பட்டு, தண்ணீர் ஊற்றப்பட்டு, தலை தொங்கி நின்றன. மூன்றாவது வரிசையில் ஏழாவது பையோடு வேலை நின்றுபோயிருந்தது.

பார்த்ததும் விழுந்துவிடவில்லை மனுஷர். யாரையும் கூப்பிடாமல் குனிந்து குனிந்து நட்டிருக்கிறார். அதுதான் நெஞ்சை அடைத்ததோ?

"அடக் கடவுளே!" பின்னால் கணவன் நின்றான். "முப்பது வருஷமா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவரு, துணைச் செடியையே களைன்னு புடுங்கிட்டு, திரும்ப நட்டிருக்காரு பாரு. கடைசில புத்தி தடுமாறிடுச்சு போல. அம்மாகிட்ட சொல்லிடாத."

சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

"அவரு புடுங்கலைங்க. நான்தான்."

அவன் அவளையே பார்த்தான். வீட்டிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எட்டாவது பை மண்ணில் விரலால் குழி பறித்தான். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான்.

எதைக் கேட்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.