மூக்கால் சொன்ன பதில்

"அப்ப, ஆகஸ்ட்ல ஆய்வுக் கப்பல் வர்றதுக்கு உங்க ஊர் சம்மதம்தானே, ஊலூசி?" என்று மேடையிலிருந்து கேட்டார் மாநாட்டுத் தலைவர் கிரெகர்.

என் அக்கா ஊலூசி மூக்கைச் சுருக்கினாள். வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட்டுகளான எங்களிடம் அதைவிட உறுதியான மறுப்பு கிடையாது. புருவம் உயர்ந்தால் ஆமாம், மூக்கு சுருங்கினால் இல்லை. இதற்குப் போய் வாயைத் திறப்பவர்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். கிரெகரோ தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது, யாருக்கும் மறுப்பில்லை" என்றார். அரங்கமே கைதட்டியது.

போன கோடையில் வந்த ஆய்வுக் கப்பல், கடலடியை அளக்கிறேன் என்று தண்ணீருக்குள் வெடிச்சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. குட்டிகளோடு எங்கள் குடாவுக்குள் வரவேண்டிய கொம்புத் திமிங்கலங்களில் ஒன்றுகூட வரவில்லை. வேட்டையாடிச் சேர்க்கும் அந்த இறைச்சி இல்லாமல், குளிர்காலம் முழுக்க ஊரே கடைக்கோழியைத் தின்று கிடந்தது. இன்னொரு முறை அது கூடாது என்று சொல்லத்தான் விமானம் மாறி மாறி அக்கா இங்கே வந்திருந்தாள். துருவ ஆய்வின் பழங்குடிப் பங்குதாரர் என்று அவள் கழுத்தில் அட்டை தொங்கியது. நான் மொழிபெயர்ப்பாளர். பேசியதை மட்டும் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. இருந்தும் மைக்கை இழுத்தேன்.

"அவங்க வேண்டாம்னு சொன்னாங்க."

கிரெகர் ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அவங்க பேசவே இல்லையேம்மா," என்றார் கிரெகர், உண்மையான வருத்தத்தோடு. "மைக்ல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்களேன், பதிவாகிடும்."

"வாயத் தொறந்து சொல்லிடுக்கா," என்று கெஞ்சினேன்.

"சொல்லிட்டேன்டி. அவன் பாக்கல. எதிர்ல இருக்கிறவ மூஞ்சியவே பாக்காதவன், கடலுக்கு அடியில என்னத்தப் பாக்கப் போறான்?"

எழுந்தாள். மைக்கைத் தாண்டி, மேடைப்படி ஏறி, கிரெகருக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நின்றாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் இரண்டு முகங்களும் தெரிந்தன. அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. அவரையே பார்த்தபடி, மெதுவாக மூக்கைச் சுருக்கினாள்.

திரையில், கிரெகரின் மூக்கும், அவர் அறியாமலே, மெல்லச் சுருங்கியது.