இடமிருந்து நாலாவது ஆள்

திரையில் அந்த முகம் பாதிதான் தெரிகிறது, மீதியை முன்னால் நிற்பவரின் தோள் தின்றுவிட்டது, ஜெனோவா பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, யாருக்கா இது, இடமிருந்து நாலாவது ஆளு, என்கிறாள், காசிமேட்டில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூடி திறக்காமலே சொல்கிறவள் நான், தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வந்ததே கிடையாது, பத்திரிகை வேலையை உதறிவிட்டு என் வீட்டு மாடியில் இரண்டு கேமராவும் ஒரு கம்ப்யூட்டருமாகப் படச் செய்தி நிறுவனம் நடத்துகிறவள் அவள், ஊரே போன்ல படம் எடுக்குதுக்கா, எங்க படத்துல மட்டும் ஒவ்வொரு மூஞ்சிக்கும் சரியான பேர் இருக்கும், அத நம்பித்தான் வாங்குறாங்க, ஒரு பேர் தப்பினா கடைய மூட வேண்டியதுதான், என்று அவள் சொன்னது அன்றைக்கா, அதற்கும் முன்னாலா, படத்தில் இருப்பது புயல் முடிந்து ரொட்டிக்கு நின்ற வரிசை, காலையிலிருந்து எதிர்வீட்டு ரோசாலி, படகோடு திரும்பாத புருசன் பெயரைச் சொல்லி அழுதது காதிலேயே இருந்தது, சந்தியாகு, என்றேன்.

அரை மணியில் தெருவிலுள்ள எல்லா போனிலும் அந்தப் படம், உயிரோட நிக்கிறாருக்கா, என்று ரோசாலி போனை முத்தமிடுகிறாள், முகம் கழுவி உலை வைக்கிறாள், மாடிக்குப் பதினொரு படி, ஆறு ஏறி நின்றேன், தெரியாமல் சொன்ன பேர் அது என்று சொன்னால் ஜெனோவாவின் கடை போச்சு, என் மானமும் கூடவே போச்சு, இறங்கிவிட்டேன், இப்போதும் கனவில் அந்த ஆறாவது படியில்தான் நிற்கிறேன்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் ரோசாலி வீட்டுக்கு அவன் வந்தான், பாதி முகத்தைத் துண்டால் மூடியிருந்தான், உப்புக் காத்துல கறுத்துட்டான் பாரு, என்றது தெரு, சந்தியாகுவுக்கு இடது கால் சற்று இழுக்கும், இவன் நேராக நடக்கிறான், அதையெல்லாம் கவனிக்க இந்தத் தெருவில் என்னைவிட்டால் யார், என் ஜன்னலருகே நின்று, நீ பேரு குடுத்தியே, அதான் வந்தேன், என்றானா, இல்லை அதுவும் கனவா.

மீண்டவர் குடும்பம் என்று ஜெனோவா புதுப்படம் எடுத்திருக்கிறாள், ரோசாலி, இரண்டு பெண்பிள்ளைகள், நாலாவதாக அவன், துண்டு இல்லை, முழு முகம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையவில்லை, இருபது வருசம் பார்த்த சந்தியாகுவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், அதுதான் எனக்குள் கட்டம் கட்டமாக உடைகிறது, பாதியை இவன் தோள் தின்றுவிட்டது, வழக்கந்தான்க்கா, சொல்லிடு, நாலாவது ஆளு யாரு, என்கிறாள் ஜெனோவா, அவள் விரல் விசைப்பலகையில் காத்திருக்கிறது, சந்தியாகு, என்கிறேன், இதோ வந்துட்டேன்க்கா, என்று கீழிருந்து ஒரு குரல், அவன் ஏறும் படிகளை எண்ணுகிறேன், ஆறாவதில் அவன் நிற்கவில்லை.