சந்தைக்கு லீவு

சதுக்கத்தைச் சுற்றி முந்நூறு வருஷத்துக் கல் தூண்கள். தூணுக்கு ஒரு கடை. வெளியூர்க்காரர்கள் அவற்றைப் படமெடுக்க வருவார்கள். தையல்காரரின் மனைவிக்கோ அந்தத் தூண்கள்தான் வழி. ஞாபகம் நழுவத் தொடங்கிய பிறகும், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே காலையில் பையோடு கடைத்தெருவுக்குப் போய் வந்தாள்.

ஒரே நாளில் மூன்று முறை ரொட்டி வாங்குவாள். ரொட்டிக்கடைக்காரம்மா முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுப்பார். சாயங்காலம் தையல்காரர் கொண்டுவந்தால் திரும்ப வாங்கிக்கொள்வார். அவள் வழி தடுமாறி நின்றால் கடிகாரக்காரர், "வாங்கக்கா, நானும் அந்தப் பக்கந்தான்" என்று அடுத்த கடைவரை கொண்டுவிடுவார். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. அப்படியே நடந்துவந்தது.

சில நாள் புருஷனைத் தெரியும். சில நாள் தெரியாது. ஒருநாள் கடிகாரக்காரரிடம் குரலைத் தணித்துச் சொன்னாள்: "அந்தத் தையல்காரர் என் பின்னாலேயே வர்றாரு. நல்ல மனுஷன் மாதிரிதான் தெரியுது. ஆனா என் வீட்டுக்காரர் காதுக்குப் போனா வம்பாயிடும்."

சிரித்துக்கொண்டேதான் கடிகாரக்காரர் அதைத் தையல்காரரிடம் சொல்ல ஆரம்பித்தார். முடிக்காமலே எழுந்து தன் கடைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே மகள் வந்தாள். "ஊரை நம்பி எத்தனை நாளைக்குப்பா? எங்க வீட்டுப் பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு."

தையல்காரருக்கும் தெம்பு குறைந்திருந்தது. சம்மதித்தார்.

மகள் வீடு எட்டாவது மாடியில். கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் அவள் பையோடு கதவருகில் வந்து நிற்பாள். "இன்னிக்கு சந்தைக்கு லீவும்மா" என்பார் அவர். அவளும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். நான்கு மாதம் அந்தப் பொய் செல்லுபடியானது.

ஒரு காலையில் அவள் உட்காரவில்லை.

"எல்லாக் கடையும் மூடியிருக்குன்னா, செத்தது யாரு?"

"யாரும் இல்லம்மா."

"எங்கிட்ட மறைக்காதீங்க. ரொட்டிக்கடைம்மாவா?"

அன்று முழுக்க அழுதாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் தையல்காரர் பெட்டியைக் கட்டினார். மகள் தடுக்கவில்லை.

சதுக்கத்தில் இறங்கியதும் ரொட்டிக்கடைக்காரம்மா மாவுக் கையோடு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். அவள் மெதுவாக, மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டாள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"அழகான ஊரு" என்றாள். "இங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

ரொட்டிக்கடைக்காரம்மாதான் சமாளித்துக்கொண்டு, "இருக்கோங்க்கா. முதல்ல உள்ள வந்து தண்ணி குடிங்க" என்றார்.

அதன் பிறகு அவள் எங்கேயும் போகக் கேட்டதில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் உட்கார வைத்தால், அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அதைப் பற்றித் தையல்காரர் கடிகாரக்காரரிடம் ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தார்.

"நான்தான் கூட்டிட்டுப் போய்த் தொலைச்சிட்டேன்."

கடிகாரக்காரர் அன்று மத்தியானம் தன் கடையை மூடிவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.