ஏலத்துக்குப் போன பச்சை ஸ்டாண்டு

எல்லாரும் சுகமா? இந்த மழையில் யாரையும் சளி, காய்ச்சல் படுத்தவில்லையே? ராஜபாளையத்தில் போன அறுப்புப் பண்டிகையில் நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பண்டிகையில் சர்ச்சுக்காக நடக்கும் ஏலத்துக்குப் பொருள் கேட்டுச் சபைக்காரர்கள் வீடு வீடாக வந்த அன்றைக்குப் பியூலா வெளியே போயிருந்தாள். அவள் கணவர் சௌந்தரபாண்டியனுக்குத் தாராள மனசு. ஒரு தேங்காய்க் குலை, ஒரு சேவல், அதோடு பரணில் சும்மா கிடக்கிறதே என்று ஒரு ஜோடி மர மெழுகுவர்த்தி ஸ்டாண்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். பச்சைப் பெயின்ட், இடுப்பில் சிவப்பு வளையம், அங்கங்கே உதிர்ந்துபோய் இருக்கும்.

அதைத்தான் மகள் ஜெனிலா கேட்டிருந்தாள். கல்யாணமாகி வருகிற முதல் கிறிஸ்துமஸ், ஸ்ரீவில்லிபுத்தூரில் புது வீடு. சின்ன வயதிலிருந்து பார்த்த அந்த இரண்டும் தன் மேஜையில் எரிய வேண்டும் என்றாள். பியூலாவும் தருவதாகச் சொல்லியாயிற்று. ஏலத்தன்று காலையில் பரணைத் துழாவும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சௌந்தரபாண்டியன் வாங்கிய வசவு தனிக்கதை. கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது, ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். பர்ஸில் எண்ணூறு ரூபாய் இருந்தது. பழைய கட்டைக்கு எவர் போட்டிக்கு வரப்போகிறார் என்று தைரியமாகப் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

வந்தானே ரிச்சர்ட்! ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சாமான் கடை வைத்திருப்பவன். ஏலம் போடுகிற தேவஇரக்கம் அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தையே இரண்டாயிரத்துக்கு ஏற்றிவிடுகிற ஆள். ஸ்டாண்டை அவனிடம் நீட்டி, என்ன பெறும் என்று கேட்டார். ரிச்சர்ட் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான், அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினான். பச்சைக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. இரண்டு காலத்துப் பெயின்ட், கை பட்டுத் தேய்ந்த விளிம்பு, வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டுச் சாமான், நூறு வருஷத்துக்குக் குறையாது, ஐயாயிரம் பெறும் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டான்.

இரண்டாயிரத்தில் ஆரம்பித்த ஏலம் மூச்சு விடுவதற்குள் மூவாயிரத்து ஐநூறுக்குப் போனது. பியூலாவின் எண்ணூறு எந்த மூலைக்கு? எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் நிறுத்துங்க. அந்தக் கட்டையைப் பத்தி எனக்குத் தெரியும்."

"வெலை ஏறுத நேரத்துல என்னம்மா குறை சொல்லப்போற?"

"குறை இல்ல, உள்ளதைச் சொல்லுதேன். ரிச்சர்ட் தம்பி, அது மில்லுல நூல் சுத்துத பாபின் கட்டை. நான் மில்லுல வேலை பார்த்தவ. பிளாஸ்டிக் வந்ததும் மரத்தைக் கழிச்சுப் போட்டாங்க. அடியில இருக்க மஞ்சள், நூலு என்ன நம்பருன்னு தெரிய மில்லுல அடிச்சது. மேல உள்ள பச்சை எங்க வாசக்கதவுக்கு அடிச்ச மிச்சம். நாந்தான் அடிச்சேன்."

ரிச்சர்ட் விடவில்லை. "அப்ப இந்த விளிம்புத் தேய்மானம், ஆன்ட்டி?"

"அது எலி கடிச்சது."

சபை முழுக்கச் சிரிப்பு. போதகரே வாயைப் பொத்திக்கொண்டார். ரிச்சர்ட் கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். மிஷினில் மாட்டுகிற தகர வளையம் அடியில் அப்படியே இருந்தது, ஓட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. நல்ல பையன், மழுப்பவில்லை. ஜோடி இருநூறு ரூபாய் பெறும் என்று அதே மைக்கில் சொன்னான்.

கேட்டவர்கள் எல்லாம் கையை இறக்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி மனசில்லாமல் இருநூறிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். பியூலா கையைத் தூக்கினாள். முந்நூறு என்றார். ஆண்கள் பக்கம் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டது. ஐநூறு. பியூலா கை தூக்க எழுநூறு, அந்த விரல் நீள எழுநூற்றைம்பது. எண்ணூறுக்குப் பியூலா இரண்டு கையையும் தூக்கினாள். விரல் மறுபடி நீண்டது; அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆயிரம்!" என்றார்.

பியூலா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று தரம் முடிந்தது. ஸ்டாண்டை வாங்கிக்கொள்ளத் தூணை விட்டு வெளியே வந்தவர் சௌந்தரபாண்டியன்.

"ஏங்க, எம்மேலயா ஏத்திக் கேட்டிய?"

"நீயா அது? தூணு மறைச்சதுல நான் ரிச்சர்டுன்னுல்லா நெனச்சேன்."

இருவரும் சேர்ந்து அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ரசீதை நீட்டி, "ஆண்டவர் காரியம்மா, அவிய அவிய மனசுபோலக் கேட்டாவ, நான் நடுவுல பேசலாமா?" என்றார்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறி ஸ்டாண்டை ஜெனிலாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். போகிற வழியெல்லாம் கணவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாளாம் பியூலா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொருள் கைவிட்டுப் போய் அதிக விலைக்குத் திரும்பி வந்திருக்குமே? அடியில் என்ன பெயின்ட் இருந்தது, எலி எங்கே கடித்தது என்பது வரைக்கும் விடாமல் எழுதுங்கள்.