கையை எடுத்தால் அணைகிற நெருப்பு

ஓவன் பற்றவே இல்லை என்று சொன்னால் பொய். பற்றியது. குமிழை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை நீல நெருப்பு அழகாக எரிந்தது. கையை எடுத்த மறுநொடி ‘டப்’பென்று அணைந்தது. கதவைத் திறந்து வைத்து, கேஸ் வெளியேறும் வரை காத்திருந்து, மறுபடி அமுக்கி, மறுபடி எடுத்து, மறுபடி டப்.

எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்து வீட்டை ஒட்டிய தகரக் கொட்டாய் அது. போன மாதம் வரை நிலக்கடலை மூட்டை கிடந்தது. கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பொள்ளாச்சியில் மூடிய ஒரு பேக்கரியிலிருந்து இந்தப் பழைய ஓவனை வாங்கி வைத்தவள் நான். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். பி.எஸ்சி. பிசிக்ஸ். “பிசிக்ஸ் படிச்சுப்போட்டு பன்னு சுடப் போறயா?” என்று கேட்காத ஆள் இந்தப் பஞ்சாயத்தில் இல்லை. வேலை வாங்கித் தந்தவர் ஒருத்தரும் இல்லை.

அப்பா தடுக்கவில்லை. ஆனால் நிபந்தனை போட்டார். “பேங்க்கு கேக்கு ஆர்டர நல்லபடியா முடிச்சீன்னா கொட்டாய் உனக்கு. இல்லீன்னா மோகன் தீவனம் அடுக்கிக்கட்டும்.”

மோகனசுந்தரம் என் பெரியப்பா மகன். கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். இரண்டு தடவை சீக்கு வந்து மொத்தக் கோழியும் செத்தது. மூன்றாவது தடவையும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துக் குஞ்சு இறக்கினார்கள். அவனுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் உண்டு. எனக்கு ஒரே ஒரு கேக். இதை நினைத்தாலே எனக்கு நெருப்பில்லாமலே கொதிக்கும்.

போன் அடித்தது. பேங்க்கில் வேலை செய்யும் ராஜஸ்ரீ. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரி. மேனேஜருக்கு இன்று பிரிவு உபசாரம், கேக் அவள் பொறுப்பு.

“செல்வா, ஆயாச்சா? நாலு மணிக்கு எல்லாரும் வந்துடுவா.”

“ஓவன் மக்கர் பண்ணுதுங்க்கா.”

“என்னடி, இப்போ போய் இப்படிச் சொல்றாய்! டவுன் பேக்கரி வேண்டாம், நம்ம செல்வப்பிரியா பண்ணுவள்னு நானாக்கும் எல்லார்ட்டயும் சொன்னது.”

“பன்னெண்டுக்குள்ள உறுதியாச் சொல்றேனுங்க்கா. பொய் சொல்லி இழுக்க மாட்டேன்.”

“சரி, நம்பறேன். பன்னெண்டு தாண்டினா நேக்கு டவுனுக்கு ஆளை விடணும், பாத்துக்கோ.”

அவள் சரியாகத்தான் பேசினாள். கேக் வெந்து, ஆறி, மேலே க்ரீம் பூச வேண்டும். சூடான கேக்கில் க்ரீம் நிற்காது.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலிண்டரில் கேஸ் இருக்கிறது. ரெகுலேட்டர் சரி. குழாய் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு நுரை முட்டை கூட எழவில்லை. பெரிய பர்னரைப் பற்ற வைக்கும் சின்ன நெருப்பு வரும் ஓட்டையை ஊசியால் குத்தி ஊதினேன். நெருப்பு இன்னும் நன்றாக எரிந்தது. கையை எடுத்தேன். டப்.

வாசலில் டெம்போ வந்து நின்றது. பின்னால் தீவன மூட்டை. மோகன் அண்ணன் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொட்டாயை அளந்தான்.

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குண்ணா. இப்பவே ஏன் வந்த?”

“வழியில வந்தேன் புள்ள. சும்மா பாக்கக்கூடாதா?”

“மூட்டையோடயா சும்மா வருவாங்க?”

சிரித்தான். உள்ளே வந்து குனிந்து பார்த்தான். “இதுக்கா இந்தப் பாடு? குமிழ அமுக்குனா எரியுதில்ல? ஒரு குச்சியக் குடுத்து, டியூப் ரப்பர் போட்டுக் கட்டிரு. மோட்டார் ஸ்டார்ட்டருக்குக் கட்டறமே, அதாட்ட.”

எங்கள் பக்கம் பாதிக் கிணற்று மோட்டார் ஓடுவது அப்படித்தான். பச்சைப் பட்டனில் குச்சி, குச்சிக்கு மேல் சைக்கிள் டியூப். “மோட்டாரக் கட்டிப்போட்டா காயில் எரியும், அவ்வளவுதான். இதக் கட்டிப்போட்டா, நெருப்பு அணைஞ்சாலும் கேஸ் வந்துக்கிட்டே இருக்கும். அப்பறம் எவனாச்சும் தீக்குச்சி கிழிச்சா நீ, நானு, உன்ற தீவனம் எல்லாம் ஒண்ணா மேல போலாம்.”

“வாய் மட்டும் நல்லா பத்திக்குது,” என்றான்.

ஓவன் விற்றவனுக்குப் போன் போட்டேன். “சென்சார் போயிருக்கும்மா. திங்கக்கெழம ஆள் அனுப்பறேன்.”

“உங்க எடத்துல என்ற கண்ணு முன்னால எரிஞ்சுதே?”

“அப்ப எரிஞ்சுது,” என்று வைத்துவிட்டான்.

சென்சார் என்றால் தெர்மோகப்பிள். நெருப்புக்குள் நிற்கும் சின்னக் கம்பி. அது சூடானால் துளி கரண்ட் உண்டாகும், அந்தக் கரண்ட்தான் கேஸ் வழியை மூடவிடாமல் பிடித்திருக்கும். பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். பக்கத்துச் சித்தூர் காலேஜ் லேபில் அது ஒடிந்து கிடந்ததால் கண்ணால் பார்த்ததில்லை. இதுதான் நான் வாங்கிய பட்டம்.

பொள்ளாச்சியில் எரிந்தது. இங்கே எரியவில்லை. இடையில் என்ன நடந்தது?

அம்மா கதவோரம் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். “நேத்துப் பூசை போட்டும் இப்பிடி ஆச்சே, சாமி. எல்லாத்துக்கும் பட்டை போட்டு பொட்டு வெச்சனே. ஒண்ணையும் உடுல.”

கதவில் மூன்று பட்டை, சிலிண்டரில் மூன்று பட்டை. அது எனக்குத் தெரியும்.

“எல்லாத்துக்கும்னா? உள்ளாறயுமா?”

“உள்ளாறதான தீ எரியுது? அங்க ஒரு செப்புக் கம்பி சாமியாட்ட நட்டுக்கிட்டு நிக்குது. அத மட்டும் எப்பிடி உடறது? அதுக்குத்தான் நல்லா அழுத்திப் பூசுனேன்.”

தரையில் படுத்து, போன் லைட்டை அடித்தேன். விரல் கனத்துக்குத் திருநீறு. தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்து, ஓடு மாதிரி இறுகி நின்றது. அதற்கு மேல் கருகிய குங்குமப் பொட்டு. சாம்பல் எரியவும் எரியாது, சூட்டை உள்ளே விடவும் விடாது. எத்தனை நேரம் காட்டினாலும் உள்ளே இருக்கும் கம்பிக்கு நெருப்பு தெரியவே தெரியாது.

கத்த வாயைத் திறந்தேன். சொல்ல நிறையவே சேர்ந்திருந்தது. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. இந்த ஊரில் இந்த ஓவன் எரியணும் என்று என்னைத் தவிர நினைத்த ஆள் இவள் ஒருத்திதான். அதனால்தான் அத்தனை அழுத்தம்.

“மோட்டார் ரூம்ல எம்ரி பேப்பர் இருக்காம்மா?”

ஓடினாள். ஸ்டார்ட்டர் பாயின்ட்டில் பிடிக்கும் கரியைத் தேய்க்க அந்த உப்புத்தாள் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். கேஸை மூடிவிட்டு, ஈரத்துணியால் ஊற வைத்து, இறுகிய திருநீற்றைப் பெயர்த்தேன். அப்புறம் எம்ரி பேப்பரால் பூப்போலத் தேய்த்தேன். செம்பு மினுங்கியது.

பற்ற வைத்தேன். முப்பது எண்ணினேன். கையை எடுத்தேன். டப்.

“சரி, மூட்டைய எறக்கட்டுமா?” என்றான் மோகன் அண்ணன்.

“பேசாம நில்லுண்ணா.”

மறுபடி குனிந்து பார்த்தேன். தேய்த்த வேகத்தில் கம்பி லேசாக ஒதுங்கியிருந்தது. நெருப்பு பக்கத்தில் எரிகிறது, நுனியில் படவில்லை. சூடு ஆறியதும் விரல் நகத்தால் நெம்பி உள்ளே தள்ளினேன். கேஸ் போகக் காத்திருந்தேன். பற்ற வைத்தேன். இந்தத் தடவை எண்ணவில்லை, கம்பி நுனி சிவக்கும் வரை பார்த்தேன். கையை எடுத்தேன்.

நெருப்பு நின்றது.

குமிழைத் திருப்பினேன். பெரிய பர்னர் வரிசை முழுக்க ‘புஸ்’ஸென்று நீலமாய் ஓடிப் பிடித்தது. அம்மா கும்பிட்டாள். நான் ராஜஸ்ரீக்குப் போன் போட்டேன். “டவுனுக்கு ஆள் வேண்டாமுங்க்கா.”

கேக் வெந்த வாசத்துக்கு அப்பா தோட்டத்திலிருந்து தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தார். வெட்டிச் சமமாக்கிய ஓரத் துண்டை வாயில் போட்டார். இன்னொரு துண்டு எடுத்தார்.

“ஏனுங் சித்தப்பா,” என்றான் மோகன் அண்ணன், “மூட்டைய எங்க எறக்கறது?”

“உங்கூட்டுத் திண்ணையில எறக்கு. இது பேக்கரி.” மென்றுகொண்டே சொன்னார். “எறக்கிப்போட்டு டெம்போவக் கழுவிக் கொண்டா. கேக்கு பேங்க்குக்குப் போகோணும்.”

“தீவனம் ஏத்தற வண்டியில கேக்கா?”

“அதான் கழுவச் சொல்றாருல்ல,” என்றேன். “நல்லாத் தேய்ச்சுக் கழுவுண்ணா. கோழி வாசம் வந்துச்சு, உன்ற பேர்லதான் மேனேஜர்கிட்டச் சொல்லுவேன்.”

அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓவன் முன்னால் தயங்கி நின்றாள். அவள் கையைப் பிடித்து, கதவின் வெளிப்பக்கம், கைப்பிடிக்கு மேலே வைத்தேன்.

“இங்க வெய்யி. எத்தன பெருசா வேண்ணாலும் வெய்யி.”