வெள்ளை வண்டியின் முன்சீட்டு

ஹசூமிக்கு திங்கட்கிழமையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன யுரேனியச் சுரங்கத்தைப் பார்க்க ரஷ்யர்கள் பாலைவன ஊரான அர்லித்துக்கு வந்தபோது, முன்சீட்டில் உட்கார்ந்து வழி காட்டியவன் குமூர். வியாழக்கிழமை அதே சுரங்கத்தைக் கேட்டுச் சீனர்கள் வந்தார்கள். அவர்களும் குமூரைத்தான் தேடினார்கள். இருபது வருஷம் ஒரே துளைக் கருவியில் இரண்டு பேரும்தானே புழுதி தின்றார்கள்? பழைய துளைகள் எங்கே இருக்கின்றன என்று ஹசூமிக்கு மட்டும் தெரியாதா? ஊரில் யாரைக் கேட்டாலும் குமூர், குமூர். வேறு மனுஷனே பிறக்காத ஊர் மாதிரி.

மேயர் வீட்டு முற்றத்தில் சீனக் குழுவின் தலைவருக்குத் தேநீர். பக்கத்தில் அவருடைய மொழிபெயர்ப்பாளப் பெண். எதிரே குமூர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. யாரும் அழைக்காமலே ஹசூமி போய் உட்கார்ந்தான்.

"வாடா என் அடிமை! எசமான் டீ குடிக்கறத வேடிக்கை பாக்க வந்தியா?" என்றான் குமூர்.

குமூர் துவாரெக், ஹசூமி ஜெர்மா. இந்த இரண்டு இனத்தாரும் பார்த்துக்கொண்டால் திட்டித்தான் ஆக வேண்டும். உறவுமுறை அப்படி. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது.

"போடா ஒட்டகத் திருடா! துளை வரைபடத்த திங்கக்கிழமையே ரஷ்யாக்காரனுக்கு வித்துட்டு, இங்க வந்து ஓசி டீயா?"

முற்றமே சிரித்தது. குமூர் தொடையில் தட்டிக்கொண்டு, "ஒரு கிழட்டு ஆட்டுக்குத்தாண்டா வித்தேன். எலும்ப உனக்குத்தானே போட்டேன்!" என்றான்.

அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் தலைவரின் காதில் ஓதினாள். அவர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சிரிக்க மாட்டார் என்று ஹசூமிக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். இதெல்லாம் விளையாட்டு என்று அப்போதே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். பாவி, வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சீனர்களின் வெள்ளை வண்டி ஹசூமியின் வாசலுக்கு வந்தது. விஷயம் ரஷ்யர்கள் காதுக்கும் எட்டியது. தங்களுக்கு வராத வரைபடம் வேறு எந்த நாட்டுக்காரனுக்குப் போனதோ என்று அவர்களும் குமூரைக் கைகழுவினார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சந்தையில் குமூரைக் கண்டதும் ஹசூமி வண்டியை நிறுத்தச் சொன்னான். கண்ணாடியை இறக்கிக் கத்தினான்.

"டேய் அடிமை! எசமானுக்கு ஒரு சலாம் போடுடா!"

குமூர் முகத்துணியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான். "வணக்கம் ஐயா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"என்னடா இது புதுசா? திட்டுடா."

"உங்களப் போய் எப்படிங்க ஐயா திட்டறது? பெரிய மனுஷர் நீங்க. நல்லா இருங்க."

இந்த மரியாதை அந்நியனுக்குக் கொடுக்கிற மரியாதை. "குமூர், நான் அன்னிக்கு..." என்று இழுத்தான்.

குமூர் நிற்கவில்லை. நாலு கடை தள்ளி டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இஸிஃபூவும் ஜெர்மாதான். "ஏண்டா அடிமை, எசமான் வர்றேன், எழுந்து நிக்க மாட்டியா? கழுதைக்குப் பொறந்தவனே!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான் குமூர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முன்சீட்டில் உட்கார்ந்தபடி ஹசூமி அந்தப் பஞ்சர்க்காரனையே பார்த்தான். வயிறு பற்றி எரிந்தது.